கும்பகோணம் பழைய புத்தகக் கடையில் ஒரு ராக்கெட் ஊர்

கடை சின்னது, ஃபேன் கிடையாது, பேரம் பேசினால் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனாலும் 120 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்த படப்புத்தகம் லாபம்தான். பால்டிக் கடலோரத்தில் இருக்கும் பீனமுண்டே என்ற ஜெர்மன் மீனவக் கிராமத்தைப் பற்றியது அது. 1936-இல் ராணுவம் அந்த இடத்தை எடுத்துக்கொள்ள, 1942 அக்டோபர் 3-இல் இரண்டாம் உலகப் போருக்கு நடுவே அங்கிருந்து ஏவிய வி-2 என்ற போர் ராக்கெட் 80 கிலோமீட்டருக்கும் மேலே போனது. 1943 ஆகஸ்டில் பிரிட்டிஷ் விமானங்கள் குண்டு போட்டபோது, முகாமில் அடைத்துவைத்திருந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள்தான் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். நாகப்பட்டினத்துக்காரன் எனக்கு, ராக்கெட்டைவிட வலை காயும் அந்தப் பழைய கரைப் படத்தில்தான் கண் நின்றது. அப்புறம், கடைசிப் பக்கங்களைச் செல்லரித்திருக்கிறது, புரட்டிப் பார்த்து வாங்குங்கள்.