மூன்று சாம்பல் பச்சைகளில் என் ஓட்டு கம்ஃபர்ட் கிரேக்கு

ஷெர்வின்-வில்லியம்ஸ் பெயின்ட் நிறுவனத்தின் ஸீ ஸால்ட் (6204), கம்ஃபர்ட் கிரே (6205), ஆய்ஸ்டர் பே (6206) மூன்றும் ஷேட் கார்டில் அடுத்தடுத்து நிற்கும் அக்கா தங்கைகள். அட்டையில் பார்க்கும்போது ஒன்றைச் சற்று அடர்த்தியாக்கினால் அடுத்தது வந்துவிடும் என்றுதான் தோன்றும். படுக்கையறைக்காக மூன்றையும் பூசிப் பார்த்த பிறகு, எனக்கு அவை மூன்று தனித்தனி நிறங்கள்.

சுவரில் விழும் வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் எல்.ஆர்.வி. எண் இவற்றுக்கு முறையே 63, 54, 44. ஸீ ஸால்ட் நல்ல வெயிலில் வெளிறி, கிட்டத்தட்ட வெள்ளையாகிவிடுகிறது. மேகமூட்டமான நேரத்தில் நீலம் தட்டுகிறது. ஆய்ஸ்டர் பே பகலில் கண்ணை நிறைக்கிறது. எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். ஆனால் விளக்கு ஏற்றியதும் மூலைகள் இருண்டு அறை சிறுத்துத் தெரிகிறது. பெரிய ஜன்னல்கள் உள்ளவர்கள் தயங்காமல் அதை எடுக்கலாம்.

கம்ஃபர்ட் கிரே காலையில் சாம்பல், நண்பகலில் பச்சை. இரவில் 2700 கெல்வின் மஞ்சள் விளக்கின் கீழ் கதகதப்பான இலைப்பச்சையாக மாறுகிறது. அதே சுவரில் 6500 கெல்வின் வெள்ளை விளக்கைப் போட்டால் அந்த இதம் போய் நீலம் ஏறுகிறது. ஆகவே பெயின்டை முடிவு செய்யும் முன் விளக்கை முடிவு செய்துவிடுங்கள்.

நான் எதிர்பார்க்காதது அலமாரியின் வேலை. செம்பழுப்பு மரத்தாலான அந்த அலமாரியின் அருகே கம்ஃபர்ட் கிரே மாதிரியை வைத்ததும் அதிலிருந்த சாம்பல் பின்வாங்கி, பச்சை முன்னால் வந்து நின்றது. சிவப்பின் பக்கத்தில் இருக்கும் சாம்பலில் கண் தானாகவே பச்சையைக் கூட்டிப் பார்க்கும். வெளிர்நிற மரம் என்றால் இந்த அளவு பச்சை தெரியாது.

மாதிரியைப் பழைய சுவரின் மேலேயே பூச வேண்டாம். பழைய நிறம் பக்கத்தில் இருந்து கண்ணை ஏமாற்றும். பெரிய வெள்ளை அட்டையில் இரண்டு கோட் அடித்து, ஓரத்தில் வெள்ளை விட்டு, நன்றாகக் காய்ந்ததும் சுவரோடு நிமிர்த்தி வையுங்கள். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலும், ஜன்னல் இருக்கும் சுவரிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பது அவசியம்.

பளபளப்பில்லாத மேட் பூச்சையே எடுத்தேன். பளபளப்பு கூடினால் சுவரின் மேடுபள்ளம் தெரியும், நிறமும் இடத்துக்கு இடம் மாறும். கூரைக்கு மஞ்சள் கலக்காத வெள்ளை; கிரீம் நிறத்தை அருகில் வைத்தபோது சுவர் நீலமாகத் தெரிந்தது.