பாரிஸா, அக்ராவா?

அமெரிக்காவின் நிறவெறி தாங்காமல் கிளம்பிய கறுப்பினத்தவர் பலர் பிரான்சின் பாரிஸுக்கும், மேற்கு ஆப்பிரிக்காவில் கானாவின் தலைநகரான அக்ராவுக்கும் போனார்கள். அவர்கள் குடியேற எது நல்ல ஊர்?

1925இல் பாரிஸ் வந்த கறுப்பின அமெரிக்க நடனக் கலைஞர் ஜோசபின் பேக்கர் 1937இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். 2021இல், பிரான்ஸ் தன் பெருமக்களைப் போற்றும் பாந்தியோன் மண்டபத்தில் நினைவிடமும் கிடைத்தது. பிடித்த ஓட்டலில் பிடித்த மேசையில் உட்காரலாம் என்பதே அன்றைக்குப் பெரிய விடுதலை. ஆனால் அதே நகரில் 1961 அக்டோபர் 17 அன்று ஊர்வலம் போன அல்ஜீரியர்களைப் போலீஸ் அடித்து நொறுக்கியது, சிலரை சேன் ஆற்றில் வீசியது. அதை மறந்துவிட்டுப் பாரிஸைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

அக்ராவில் நிறத்தைப் பார்த்து யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வாயைத் திறந்தால்தான் சிக்கல். பேச்சைக் கேட்டதும் சந்தையில் ‘ஒப்ரோனி’ என்பார்கள். வெள்ளைக்காரருக்கும் அயலாருக்கும் சொல்லும் அதே சொல். முன்னோரை அடிமைகளாகக் கப்பலேற்றிய கரைக்குத் திரும்பி வந்தவருக்கு அது சுருக்கென்று தைக்கும். அப்புறம் தக்காளி விலையும் ஏறும். ஆனாலும் இப்படி வருகிறவர்கள் நிரந்தரமாகத் தங்க கானா 2000ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி செய்தது. 1961இல் வந்த கறுப்பின அமெரிக்க அறிஞரும் உரிமைப் போராளியுமான டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் 1963இல் அக்ராவிலேயே காலமானார்.

என்னைக் கேட்டால் அக்ராதான். அங்கே பேசும் ட்வி மொழியில் நாலு வார்த்தை பேரம் பேசிப் பழகிவிட்டால், சந்தைக்கார அம்மா சிரித்துக்கொண்டே இரண்டு தக்காளி கூடப் போடுவார்.