பற்சிப்பியா, பற்காரையா? பழங்காலப் பல்லில் எதை ஆராய்வது

'எங்கே வளர்ந்தார்?' என்பது கேள்வியானால் பற்சிப்பி. 'வாய்க்குள் என்னென்ன போயிற்று?' என்றால் பற்காரை.

பற்சிப்பி, அதாவது எனாமல், எடையில் சுமார் 96 சதவீதம் கனிமம். எலும்பைப்போலப் புதுப்பிக்கப்படாததால், சிறுவயதில் படிந்த ஸ்ட்ரான்சியம் என்ற தனிமம் அப்படியே நிற்கும். அதன் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களின்) விகிதம் வளர்ந்த நிலத்தின் பாறையைக் காட்டும். ஆனால் ஒரே வகைப் பாறையுள்ள இரண்டு ஊர்களை அதனால் பிரிக்க முடியாது. குடிநீரை அறிய ஆக்சிஜன் ஐசோடோப்பு பார்ப்பவர்கள் முதல் கடைவாய்ப்பல்லைத் தவிர்ப்பது நல்லது: அது ஏறத்தாழ 3 வயதுக்குள் உருவாவதால் குழந்தை குடித்த தாய்ப்பால், அளவீட்டைத் திரித்துவிடும். அதைவிட ஞானப்பல்லே நல்லது. மண் கலந்த மேற்பரப்பைச் சுரண்டி எறிந்த பிறகே தூள் எடுக்க வேண்டும்.

பற்காரை என்பது இறுகிப்போன பற்படலம். மாவுச்சத்துத் துகள், பால் புரதம், நுண்ணுயிர்களின் டிஎன்ஏ எல்லாம் அதில் சிக்கியிருக்கும். ஜெர்மனியின் டால்ஹைம் மடத்தில் புதைக்கப்பட்ட இடைக்காலப் பெண்ணொருவரின் பற்காரையில் லாபிஸ் லசூலி என்ற நீலக்கல்லின் துகள்கள் கிடைத்ததை 2019-ல் வெளியிட்டார்கள். சுவடிகளுக்கு வண்ணம் தீட்டியவர், தூரிகை நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கியிருக்கலாம். இப்படியொரு தொழில் அடையாளத்தைப் பற்சிப்பி ஒருநாளும் தராது!

பற்காரையின் பலவீனம் கலப்படம்தான். கையுறையில் பூசிய சோளமாவே 'பழங்கால உணவு' ஆகிவிடும்; மாவில்லாக் கையுறை கட்டாயம். எந்த வயதில் படிந்தது என்பதும் தெரியாது.

இரண்டும் வேண்டுமா? பல்லைத் தேய்த்துக் கழுவாமல் படமெடுங்கள். காரையை அலுமினியத் தாள்மேல் பெயர்த்த பின்பே சிப்பியை வெட்டுங்கள்.