சிறு நகரம் வாங்கும் பெரிய போட்டி: ஒரு மதிப்புரை

போட்டி நடத்தும் உரிமை என்பது, அலங்காரங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், ஒரு நகரம் விலை கொடுத்து வாங்கும் சேவையே ஆகும். விற்பது ஒரு சர்வதேச விளையாட்டு அமைப்பு. வாங்குவது நகர நிர்வாகம். கடைசியில் விலையைச் சுமப்பவர்கள் அந்த ஊரில் வரி கட்டும் மக்கள். வீட்டுக்குக் குளிர்பதனப் பெட்டி வாங்குவதென்றால்கூட, ஏற்கெனவே வாங்கியவர்களிடம் விசாரித்துவிட்டுத்தான் பணத்தை எடுக்கிறோம். ஒரு தலைமுறைக்கே கடனாக நிற்கக்கூடிய இந்தச் சேவையையோ பல ஊர்கள் கைதட்டலுக்கு நடுவே, யாரையும் கேட்காமல் வாங்கிவிடுகின்றன. ஆகவே, சில ஆயிரம் முதல் சில லட்சம் பேர் வரை வாழும் நகரங்களை மனத்தில் கொண்டு, முன்பே வாங்கிய ஊர்களின் அனுபவத்தை வைத்து இதை மதிப்பிட முயல்கிறேன். சிறிய ஊர் ஒன்று உலகப் போட்டிக்கு ஆசைப்படுவதில் தவறேதும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். அந்த ஆசை மதிப்புக்குரியது என்பதால்தான் அதற்கு விற்கப்படும் பொருளைக் கண்டிப்புடன் சோதிக்க வேண்டியிருக்கிறது.

முதலில், கைக்கு வருவது என்ன? போட்டியின் பெயர், உலக அணிகளின் வருகை, சில நாட்களுக்குத் தொலைக்காட்சியில் ஊரின் முகம் ஆகியவை நிச்சயம் கிடைக்கின்றன. ஒளிபரப்பு உரிமையும் முதன்மை விளம்பரதாரர்களும் பெரும்பாலும் விற்பவர் வசமே இருக்கின்றன. அந்த வருமானத்தில் ஒரு பங்கு நடத்துபவருக்கு வருவதும் வராததும் போட்டிக்குப் போட்டி மாறுகிறது. விளையாட்டரங்கம், சாலை, தங்குமிடம், காவல், மருத்துவ ஏற்பாடு ஆகிய செலவுகள் ஊரின் பக்கமும் அந்த நாட்டு அரசின் பக்கமும் விழுகின்றன.

இந்தச் சேவையின் மிகப் பெரிய குறை அளவு. சட்டைக் கடையில் ஒரே அளவுச் சட்டை மட்டும் இருந்தால் எப்படியோ, அப்படித்தான் பல போட்டிகளின் அரங்க விதிகள் இருக்கின்றன. 2004ஆம் ஆண்டு ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிக்காகப் போர்ச்சுகல் 10 அரங்கங்களைத் தயார் செய்தது. அவற்றுள் ஆவெய்ரோ, லெய்ரியா என்ற இரு சிறு நகரங்கள் தலா 2 ஆட்டங்களைப் பெற்றன. ஆவெய்ரோவில் 30,000 இருக்கைகளுடன் எழுந்த அரங்கத்தை உள்ளூர் அணியால் அதற்குப் பிறகு ஒருபோதும் வழக்கமாக நிரப்ப இயலவில்லை. லெய்ரியா நகராட்சி தன் அரங்கத்தை விற்க முயன்றபோது வாங்க ஆள் வரவில்லை. ரஷ்யாவில் 2018 உலகக் கோப்பையை நடத்திய நகரங்களிலேயே சிறியவற்றுள் ஒன்று சரான்ஸ்க். ஏறத்தாழ 3 லட்சம் பேர் வாழும் அந்த ஊரில் 40,000க்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய அரங்கம் கட்டப்பட்டு, 4 ஆட்டங்கள் நடந்தன. அங்கே ஆட வேண்டிய உள்ளூர் அணியான மோர்டோவியா இரண்டே ஆண்டுகளில் பண நெருக்கடியால் கலைந்துபோனது. அரங்கம் நின்றது, ஆட அணி இல்லை. இதைக் கட்டுமானத்தின் குறையாக நான் பார்க்கவில்லை. கட்டடங்கள் நேர்த்தியானவைதான். ஊருக்குப் பொருந்தாத அளவை ஊர் ஏற்றுக்கொண்டதே குறை.

அதே 2018 போட்டியில் எகடெரின்பர்க் நகரம் வேறு வழி கண்டது. 35,000 இருக்கைகள் வேண்டும் என்ற நிபந்தனையை நிறைவேற்ற, பழைய அரங்கத்தின் சுவரைத் திறந்து, இரு பக்கமும் அரங்கத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி தற்காலிக கேலரிகளை அமைத்தார்கள். போட்டி முடிந்ததும் கழற்றிவிட்டார்கள். படத்தில் பார்க்க விநோதமாக இருந்த அந்த கேலரிகளைப் பலர் கேலி செய்தார்கள். எனக்கு அவை மிகுந்த அறிவுள்ள செயலாகவே தோன்றின.

அந்த வழியை முழுமையாகவும் மனம் நெகிழும்படியும் கையாண்ட ஊர், ஜப்பானின் வடகிழக்குக் கரையில் உள்ள காமைஷி. அது இரும்பாலை ஊர்; 1979 முதல் 1985 வரை அதன் ஆலை அணி தொடர்ந்து 7 முறை தேசிய ரக்பி பட்டத்தை வென்றது. 2011 மார்ச் 11 அன்று வந்த ஆழிப்பேரலையில் அந்த ஊர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை இழந்தது. கடலோரமாக இருந்த தொடக்கப் பள்ளி ஒன்றும் நடுநிலைப் பள்ளி ஒன்றும் அலையில் அழிந்தன. அன்று வகுப்பில் இருந்த மாணவர்கள், பெரியவர்கள் சிறியவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டு நிலத்துக்கு ஓடித் தப்பினார்கள். அந்தப் பள்ளிகள் இருந்த நிலத்தில்தான் 2019 ரக்பி உலகக் கோப்பைக்கான அரங்கம் எழுந்தது. போட்டி நடந்த 12 அரங்கங்களில் அந்தப் போட்டிக்கென்றே புதிதாகக் கட்டப்பட்டது அது ஒன்றுதான்.

வீடிழந்தவர்கள் இன்னும் தற்காலிகக் குடியிருப்புகளில் இருந்தபோது அரங்கம் எதற்கு என்று ஊருக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே கருதுகிறேன். அதற்கு நிர்வாகம் தந்த விடையின் முக்கியமான பகுதி அரங்கத்தின் அளவிலேயே இருந்தது. ஆட்டத்தன்று சுமார் 16,000 பேர் அமரலாம். அவற்றுள் நிலையான இருக்கைகள் சுமார் 6,000 மட்டுமே, மற்றவை கழற்றி எடுத்துச் செல்லத்தக்கவை. அப்போது சுமார் 35,000 பேர் வாழ்ந்த ஊருக்கு 6,000 இருக்கைகள் என்பது பள்ளிப் போட்டிக்கும் மண்டலப் போட்டிக்கும் உதவும் அளவு. செப்டம்பர் 25 அன்று அங்கே பிஜி அணியை உருகுவே 30–27 என்று வீழ்த்தியது. 14,000 பேருக்கு மேல் நேரில் பார்த்தார்கள். அந்தப் போட்டித் தொடரின் பெரிய அதிர்ச்சிகளில் ஒன்றாக அந்த முடிவு இன்றும் பேசப்படுகிறது. தலைநகரங்களுக்குத்தான் நல்ல ஆட்டங்கள் போகும், சிறு ஊர்களுக்கு மிச்சம் மீதிதான் கிடைக்கும் என்று குறைப்படுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: முன்னணியில் இல்லாத இரு அணிகளின் ஆட்டம் ஒன்றே ஓர் ஊரின் நினைவில் நிலைத்துவிட முடியும்.

பங்கு போட்டு வாங்குவதே சிறு நகரத்துக்குச் சரியான முறை என்பதற்கு 2023 ஹாக்கி உலகக் கோப்பை இன்னொரு சான்று. ஒடிசா அரசு முதுகெலும்பாக நின்ற அந்தப் போட்டியின் 44 ஆட்டங்களில் புவனேஸ்வர் 24, ரூர்கேலா 20 என்று பிரித்துக்கொண்டன. ரூர்கேலா அமைந்துள்ள சுந்தர்கர் மாவட்டத்தில் ஹாக்கி புதிதாகக் கற்பிக்கப்பட வேண்டிய விளையாட்டு அன்று. ஆட்டுக்கிடாயைப் பரிசாக வைத்துக் கிராமங்கள் ஹாக்கி ஆடும் நிலம் அது. திலீப் திர்க்கி முதல் அமித் ரோஹிதாஸ் வரை இந்திய அணிக்குத் தொடர்ந்து வீரர்களைத் தந்த பகுதியில், பிர்சா முண்டா பெயரில் 20,000 இருக்கைகளுக்கு மேல் கொண்ட அரங்கம் எழுந்தது. அணிகள் தங்க அரங்கத்தை ஒட்டியே 225 அறைகள் கட்டப்பட்டன. ஊரின் சிறிய விமான நிலையத்துக்குப் பயணிகள் விமானமும் வந்தது. அதன் பிறகு சர்வதேச புரோ லீக் ஆட்டங்களும் இந்திய ஹாக்கி லீக் ஆட்டங்களும் அங்கே நடந்தன. 20,000 இருக்கைகள் அந்த ஊருக்குச் சற்று அதிகம் என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. எனினும் அங்கே விளையாட்டு முன்பே இருந்தது, அரங்கம் பிறகுதான் வந்தது. சரான்ஸ்கில் அரங்கத்தைத் தாங்க அணியே மிஞ்சவில்லை.

முழுப் போட்டியையும் தனியாக வாங்கி வெற்றி பெற்ற சிறு நகரம் உண்டா என்று கேட்டால், நார்வேயின் லில்லஹாமரைத்தான் சொல்ல வேண்டும். சுமார் 23,000 பேர் வாழ்ந்த அந்த ஊர் முதலில் 1992 குளிர்கால ஒலிம்பிக்குக்கு விண்ணப்பித்துத் தோற்றது. பிறகு 1994 போட்டியை வென்றது. அங்கேயும் எல்லாமே ஊருக்குள் கட்டப்படவில்லை. வேகப் பனிச்சறுக்கு அரங்கம், கவிழ்த்துவைத்த பழைய மரக்கலத்தின் வடிவில், பக்கத்து ஊரான ஹமாரில் எழுந்தது. ஐஸ் ஹாக்கி அரங்கங்களில் ஒன்று யோவிக்கில் மலையைக் குடைந்து அமைக்கப்பட்டது. ஒளிபரப்பு மையமாகக் கட்டப்பட்ட கட்டடம் பின்னர் உயர்கல்வி நிறுவனத்துக்குப் பயன்பட்டது. 2016இல் இளையோர் குளிர்கால ஒலிம்பிக் அங்கே நடந்தபோது பழைய அரங்கங்களே பெரும்பாலும் மீண்டும் உதவின. ஆனால் இந்த நல்ல எடுத்துக்காட்டிலும் ஒரு வாக்குறுதி பொய்த்தது. போட்டிக்குப் பிறகு சுற்றுலாப் பயணிகள் திரண்டு வருவார்கள் என்று எதிர்பார்த்துப் புதிய ஹோட்டல்கள் முளைத்தன. எதிர்பார்த்த கூட்டம் வராமல் அவற்றுள் பல திவாலாயின. ஆகவே, சுற்றுலா வருமானத்தைக் காட்டி இந்தச் சேவையை விற்க வருபவரிடம், அந்தக் கணக்கை எடுத்துவிட்டு மீதியை மட்டும் காட்டச் சொல்வது நல்லது.

விலைக்கு வருவோம். பட்டியலில் எழுதப்பட்ட விலைக்கு ஒலிம்பிக் ஒருபோதும் கிடைத்ததில்லை. 1960 முதல் நடந்த ஒலிம்பிக் போட்டிகளை ஆராய்ந்த ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கணக்கு கிடைத்த ஒவ்வொரு போட்டியும் முதல் மதிப்பீட்டைத் தாண்டியது என்றும், 2020இல் வெளியான கணக்கின்படி சராசரி மிகைச் செலவு 172 விழுக்காடு என்றும் கண்டார்கள். பெருநகரம் இந்தத் தவறைத் தாங்கிக்கொள்ளலாம். சிறு நகரத்தின் ஆண்டு வரவுசெலவு முழுவதும் அந்த மிகையில் மூழ்கிவிடும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் கற்ற பாடம் இன்னும் கசப்பானது. 2026 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியை மெல்போர்னில் குவிக்காமல் ஜீலாங், பெண்டிகோ, பல்லாரட் முதலிய வட்டார நகரங்களுக்குப் பகிர்ந்தளிப்பதாக 2022இல் அறிவித்தார்கள். சிறு நகரங்களின் ஆசைக்கு இதைவிட நல்ல திட்டம் இருக்க முடியாது என்று தோன்றியது. ஆனால் எங்கும் தயாராக இல்லாத அரங்கங்களையும், வீரர் குடியிருப்புகளையும், போக்குவரத்தையும் பல ஊர்களில் ஒரே நேரத்தில் நான்கே ஆண்டுகளில் அமைக்க வேண்டியிருந்தது. 260 கோடி ஆஸ்திரேலிய டாலர் என்று தொடங்கிய மதிப்பீடு 600 கோடியைத் தாண்டிவிட்டதாகச் சொல்லி, 2023 ஜூலையில் மாநில அரசு விலகிக்கொண்டது. இழப்பீடாக மட்டும் 38 கோடி டாலர் கொடுக்க நேர்ந்தது. போட்டியே நடக்காமல் மொத்தம் 58.9 கோடிக்கு மேல் செலவானதாக மாநிலத் தணிக்கை அலுவலகம் பின்னர் அறிவித்தது. அந்த ஊர்களில் வீட்டுக்கருகே உலகப் போட்டியைப் பார்க்கக் காத்திருந்தவர்களின் ஏமாற்றம் எந்தத் தணிக்கையிலும் வராது. பிறகு அதே போட்டியை ஏற்ற கிளாஸ்கோ, 10 விளையாட்டுகள், ஏற்கெனவே இருக்கும் 4 அரங்கங்கள் என்று சுருக்கியே ஒப்புக்கொண்டது. பங்கு போடுவது என்றால், இருப்பதைப் பங்கு போட வேண்டும். இல்லாததைப் பல ஊர்களுக்குப் பங்கு போட்டால் செலவுதான் பெருகும்.

ஒப்பந்தத்தில் முதலில் படிக்க வேண்டிய பிரிவு, நஷ்டம் வந்தால் யார் பொறுப்பு என்பது. மிகைச் செலவு எவ்வளவானாலும் ஏற்கிறேன் என்று ஊர் கையெழுத்திடக் கூடாது. அப்படி மறுத்தால் போட்டி கிடைக்காதே என்பார்கள். 1984 ஒலிம்பிக்கை லாஸ் ஏஞ்சலஸ் நகரம் அந்தப் பொறுப்பை மறுத்தே பெற்றது. வேறு விண்ணப்பதாரர் யாரும் மிஞ்சாததால் ஒலிம்பிக் கமிட்டி தன் விதியைத் தளர்த்தியது. முடிவில் 20 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் உபரியும் மிஞ்சியது. வாங்க வருவோர் குறையக் குறைய விற்பவர் இறங்கி வருகிறார் என்பதைச் சிறு நகர நிர்வாகிகள் மறக்கலாகாது. 2014இல் ஒலிம்பிக் கமிட்டி தன் விதிகளைச் சீர்திருத்தி, இருக்கும் அரங்கங்களையும் தற்காலிக அரங்கங்களையும் பயன்படுத்த ஊக்கமளிக்கத் தொடங்கியதற்கும் விண்ணப்பங்கள் குறைந்ததே முக்கியக் காரணம்.

மதிப்பெண் தருவதென்றால், முழுப் போட்டியைத் தனியாக வாங்கும் சிறு நகரத்துக்கு இந்தச் சேவைக்கு ஐந்தில் ஒன்றரைக்கு மேல் தரமாட்டேன். ஊரில் வேரூன்றிய விளையாட்டில் சில ஆட்டங்களை மட்டும், கழற்றத்தக்க கேலரிகளோடு, வரம்பிட்ட பொறுப்போடு பெறுவதானால் தயங்காமல் நான்கு தருவேன்.

ஐந்தாவது மதிப்பெண்ணைப் பிடித்துவைப்பதற்கும் காமைஷியே காரணம். அந்த ஊருக்கு வாக்களிக்கப்பட்டவை 2 ஆட்டங்கள். அக்டோபர் 13 அன்று நமீபியாவும் கனடாவும் மோத வேண்டியிருந்தது. முந்தைய நாள் கரையேறிய ஹகிபிஸ் புயலால் ஆட்டம் கைவிடப்பட்டது. நுழைவுச் சீட்டுப் பணம் திருப்பித் தரப்பட்டது. புள்ளிப் பட்டியலில் 0–0 என்று எழுதி இரு அணிகளுக்கும் சமப் புள்ளி வழங்கப்பட்டது. எட்டு ஆண்டுக் காத்திருப்பில் பாதி இப்படிப் போயிற்று. அன்று ஆடியிருக்க வேண்டிய கனடா வீரர்கள் மண்வாரிகளை எடுத்துக்கொண்டு காமைஷியின் தெருக்களுக்குச் சென்று, வீடுகளின் முன்னே வெள்ளம் விட்டுப்போன சேற்றை ஊர்க்காரர்களோடு சேர்ந்து அள்ளிக்கொண்டிருந்தார்கள்.