முதல் லென்ஸாக ஒரு 35 மில்லிமீற்றர்: வோய்க்லேண்டர் கலர்-ஸ்கோபார் எஃப் 2.5

ரேஞ்ச்ஃபைண்டர் கமரா வாங்கியவர்கள் முதல் லென்ஸைத் தேடும்போது, ஒளி புகும் அதன் துவாரம் எவ்வளவு பெரிதாகத் திறக்கும் என்றுதான் பெரும்பாலும் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்னர், கையிலுள்ள கமராவின் பார்வைச் சாளரத்தில் எந்தச் சட்டகங்கள் தெரிகின்றன என்று பார்க்க வேண்டும். இந்த வகைக் கமராவில் நாம் லென்ஸின் ஊடாகப் பார்ப்பதில்லை. தனியான சாளரத்தில் ஒளிரும் சட்டகக் கோடுகளே படத்தின் எல்லையைக் காட்டுகின்றன. லென்ஸின் குவியத் தூரத்தைக் குறிக்கும் மில்லிமீற்றர் எண் சிறிதாக இருந்தால், படத்தில் விழும் காட்சி அகலும்; சட்டகமும் பெரிதாகும். 1954இல் வந்த லைக்கா எம்3இல் 50, 90, 135 மில்லிமீற்றர்ச் சட்டகங்கள் மட்டுமே உண்டு என்பதால், அதை வைத்திருப்பவர் 50ஐ விட்டு வேறெங்கும் அலைய வேண்டியதில்லை. எம்2, எம்6 போன்றவற்றில் 35க்கான சட்டகம் இருக்கிறது. எம்6இல் 28க்கான சட்டகமும் உண்டு. ஆனால் அது சாளரத்தின் விளிம்பை ஒட்டி நிற்பதால், என்னைப் போல் மூக்குக்கண்ணாடி அணிபவர்களால் அதன் நான்கு மூலைகளையும் ஒருசேரக் காண இயலாது.

இந்தக் கணக்கில் எனக்கு எஞ்சியது 35. அதிலும் கொசினா நிறுவனம் வோய்க்லேண்டர் என்ற பெயரில் செய்த கலர்-ஸ்கோபார் எஃப் 2.5 லென்ஸையே, யாழ்ப்பாணத்தில் படம் எடுக்கப்போகும் ஒருவருக்கு முதலாவதாகப் பரிந்துரைப்பேன். இது ஏறத்தாழ 135 கிராம் நிறையுடையது. சட்டகத்தின் மூலையை மறைக்காத அளவுக்குத் தட்டையானது. பெரிய துவாரமுள்ள லென்ஸ்கள், குறிப்பாக முன்னால் ஒளிமறைப்பை மாட்டியவுடன், பார்வைச் சாளரத்தின் கீழ் வலது மூலைக்குள் நுழைந்துவிடுகின்றன.

எஃப் எண் சிறிதாக இருந்தால் துவாரம் பெரிது. எஃப் 2.5 போதுமா என்ற ஐயத்துக்கு எங்கள் வெயிலே விடை சொல்கிறது. 400 வேகமுள்ள பிலிமை இட்டு, எம்6இன் ஷட்டரை அதன் உச்சமான 1/1000 வினாடியில் வைத்தாலும், நண்பகல் வெளிச்சத்தில் துவாரத்தை எஃப் 11 வரை சுருக்கியே ஆக வேண்டும்; அங்கே எஃப் 1.4 லென்ஸுக்குக் கொடுத்த காசு வீணாகக் கிடக்கும். அதே எஃப் 11இல் தூர வளையத்தை நான்கு மீற்றரில் நிறுத்தினால், ஏறத்தாழ இரண்டு மீற்றரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெளிவாக விழும். நல்லூர்த் தேரன்று வீதியில் நெருக்குண்டு நிற்கும்போதும், திருநெல்வேலிச் சந்தையின் வாசலிலும், குவியத்தைத் தொடாமலேயே படமெடுக்க முடிவது இதனால்தான்.

குறைகளும் உண்டு. மிகக் கிட்டிய தூரம் 0.7 மீற்றர் என்பதால், தட்டில் பரிமாறிய உணவையோ குழந்தையின் முகத்தை மட்டுமோ நெருங்கி எடுக்க முடியாது. இது பெரும்பாலான ரேஞ்ச்ஃபைண்டர் லென்ஸ்களுக்கும் பொதுவான எல்லை. மின்குமிழ் வெளிச்சத்தில் வீட்டுக்குள் எடுப்பதே உங்கள் முதன்மை வேலை என்றால், அதே நிறுவனத்தின் நொக்டன் கிளாசிக் எஃப் 1.4ஐப் பாருங்கள். ஆனால் அதில் துவாரத்தைச் சுருக்கும்போது குவியம் சற்றே பின்னகர்வதை அறிந்துகொண்டு வாங்குங்கள்.

மலிவாகக் கிடைக்கும் சோவியத் லென்ஸான ஜுப்பிட்டர்-8 பலரையும் இழுக்கும். அதன் படங்களில் ஒரு மென்மை உண்டு என்பதை மறுக்கவில்லை. எனினும் அது லைக்காவின் தூர அளவீட்டுக்கு ஒப்பச் செய்யப்பட்டதன்று. ஆகவே எஃப் 2இல், ஒரு மீற்றர் தூரத்தில், கண்ணுக்கு வைத்த குவியம் வேறிடத்தில் விழக்கூடும். கமராவையே இன்னும் பழகாதவருக்குப் பிழை தன் கையிலா லென்ஸிலா என்று பிரித்தறிவது கடினம். இரண்டாவது லென்ஸாக அது இருந்துவிட்டுப் போகட்டும்.

எந்த லென்ஸை வாங்கினாலும் மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. லென்ஸுக்குப் பின்னால் ஒளியைத் தடுக்கும் ஆடி இந்த வகைக் கமராவில் இல்லாததால், ஷட்டர் துணித் திரையாக உள்ள பழைய கமராவைச் சூரியனை நோக்கியபடி தோளில் தொங்கவிட்டால், லென்ஸ் வெயிலைக் குவித்துத் திரையில் பொத்தல் போட்டுவிடும். மூடியை இட்டே கொண்டுசெல்லுங்கள். ஆனால் அது மூடியிருப்பதைச் சாளரம் உங்களுக்குச் சொல்லாது.

பழைய லென்ஸானால், முழுத் துவாரத்தில் திறந்து, பின்புறமிருந்து டோர்ச் அடித்துப் பாருங்கள். எங்கள் மாரிகால ஈரத்தில் பூஞ்சை வெகு எளிதாகப் பிடிக்கும். சிலந்தி நூல் போன்ற கிளைகள் கண்ணாடியில் தெரிந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.