சாவியும் டிக்கெட்டும்: குமரியில் சபைக் குழுவோடு ஒரு நாள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் டிக்கெட் உள்ள இடங்களை யார் துணையும் இல்லாமல் பார்த்துவிடலாம். பழைய மிஷனரிகளின் சுவடு தேடி வருகிறவர்களுக்கு அது போதாது. அந்த இடங்களுக்கு டிக்கெட் கிடையாது, பலகை கிடையாது. சாவி யார் வீட்டில் இருக்கிறது என்று தெரிந்த ஓர் ஆள் வேண்டும். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து போன எங்கள் கிறிஸ்தவ சபைக் குழுவுக்கு அந்த ஆள் என் சித்தப்பா.

ஜார்க்கண்டில் சந்தால் பழங்குடிக் கிராமங்களில் மிஷனரியாக இருந்து, ஓய்வுபெற்று நாகர்கோவிலுக்குத் திரும்பியவர் அவர். குழுவில் பாதிப் பேர் என்னைப் போல இந்த மாவட்டத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போனவர்கள். மீதிப் பேர் ஆங்கிலேயர்கள், பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்கள். லண்டன் மிஷன் என்ற மிஷனரிச் சங்கம் 200 ஆண்டுகளுக்கு முன் ஆள் அனுப்பிய ஊர்களைப் பார்க்க வந்தவர்களுக்கு, இந்த ஊர் வடக்கே அனுப்பிய மிஷனரி வழிகாட்டினார். அந்த வேடிக்கையை அவர்தான் முதலில் சொல்லிச் சிரித்தார்.

வேன் ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வாடகை, டிரைவர் பேட்டா, பார்க்கிங் மூன்றையும் முதல் நாளே காகிதத்தில் எழுதித் தரச் சொல்லிவிட்டார் சித்தப்பா. தங்கிய விடுதியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. 24 மணி நேரமும் வெந்நீர் என்று விளம்பரம். காலை ஏழரைக்குமேல் குழாயில் வந்தது நல்ல கிணற்றுத் தண்ணீர். கேட்டால் 'மோட்டார்' என்ற ஒரே சொல் பதில்.

காலையில் கன்னியாகுமரி. படகு எட்டு மணிக்குத்தான் தொடங்குகிறது. வரிசை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. சிறப்புக் கட்டண வரிசை தனியாக உண்டு. வயதானவர்கள் இருந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். 1970-இல் திறந்த விவேகானந்தர் பாறையிலிருந்து திருவள்ளுவர் சிலைக்கு இப்போது கண்ணாடிப் பாலத்தில் நடந்தே போகலாம். 77 மீட்டர் நீளம், 2024 டிசம்பர் இறுதியில் திறந்தார்கள். எங்கள் குழுவின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை கீழே கடல் தெரிகிறதென்று கண்ணை மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்து நடந்தார். சிலையின் பீடம் 38 அடி, அது அறத்துப்பாலின் 38 அதிகாரங்களைக் குறிக்கிறது என்று சித்தப்பா விளக்கியபோது மட்டும் கண்ணைத் திறந்தார்.

அங்கிருந்து மயிலாடி. கல்சிற்பிகளின் ஊர் என்றுதான் பலருக்கும் தெரியும். இவ்வூர்க் கிறிஸ்தவரான வேதமாணிக்கத்தின் அழைப்பை ஏற்று 1806-இல் வந்தவர் லண்டன் மிஷனின் ஜெர்மானிய மிஷனரி ரிங்கல்தௌபே. 1809-இல் இங்கே ஆலயம் எழுந்தது. 1816-இல் அவர் ஊரைவிட்டுப் புறப்பட்டார். பிறகு என்ன ஆனார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. இவ்வளவு பெரிய கதை நடந்த இடத்தில் நாங்கள் போனபோது கதவு பூட்டியிருந்தது. சித்தப்பா போன் செய்தார். சிற்பக்கூடத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர் முழங்கை வரை கல்தூளோடு சைக்கிளில் வந்து திறந்தார். உள்ளே குழுவினர் ஆங்கிலத்தில் ஒரு பாட்டுப் பாட, அவர் அதே ராகத்தில் தமிழில் சேர்ந்துகொண்டார். பணம் கொடுக்கப் போனவரைச் சித்தப்பா தடுத்தார்: "கையில் கொடுக்காதீர்கள், சங்கடப்படுவான். காணிக்கைப் பெட்டியில் போடுங்கள்."

கழிப்பறை விஷயத்தை நாசூக்குக்காக மறைப்பதில் பொருளில்லை. நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்கை நம்பிப் போனால் ஏமாற்றம்தான். சித்தப்பாவின் பயணத்திட்டமே ஒரு சபை மண்டபத்திலிருந்து அடுத்த சபை மண்டபத்துக்கு என்ற கணக்கில் போடப்பட்டிருந்தது. கல்யாணம் நடக்கிற மண்டபங்கள் என்பதால் எல்லாம் சுத்தமாக இருந்தன. இவ்வளவு நடைமுறை அறிவை எந்தச் சுற்றுலா நிறுவனமும் எங்களுக்குத் தரவில்லை.

நாகர்கோவிலில் கஸ்பா சபை ஆலயத்தை விரைவாகவே பார்த்தோம். 1818-இல் வந்த லண்டன் மிஷன் மிஷனரி மீட் ஐயரின் காலத்து ஆலயம். மறுநாள் கல்யாணத்துக்கு அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாடு சித்தப்பா வீட்டில். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் ஆறிப்போகும் அளவுக்கு நீண்ட ஜெபம் செய்தார். ஜார்க்கண்டில் பழகிய நீளம் என்று சித்தி முணுமுணுத்தாள். கடைசியில் மட்டிப்பழம், இந்த மாவட்டத்தின் பழம், புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. இரண்டு சீப்பு காலியாயின.

பத்மநாபபுரம் அரண்மனைக்கு நேரமில்லை. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது, திங்கட்கிழமை விடுமுறை. அதற்குப் பதிலாக உதயகிரிக் கோட்டையில் டிலனாயின் கல்லறையைப் பார்த்தோம். 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படையினர், பின்னாளில் திருவிதாங்கூர் படைக்கே தளபதியானவர். பின்னாளில் கிறிஸ்தவரான தேவசகாயம் பிள்ளைக்கு பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னதும் அவரே. 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயத்துக்கு 2022-இல் புனிதர் பட்டம் கிடைத்தது. கல்லறையில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. ஆங்கிலம் எங்கே என்று கேட்டவருக்குச் சித்தப்பா, "அப்போது உங்கள் ஆட்கள் இன்னும் வரவில்லை" என்றார்.

நெய்யூர் மிஷன் மருத்துவமனையில்தான் குழு உண்மையில் நெகிழ்ந்தது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் போன ஆங்கிலேய மருத்துவர் சோமர்வெல், முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றும்போது இந்த மருத்துவமனையின் கூட்டத்தைப் பார்த்து, லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே அறுவை மருத்துவரானவர். இங்கே மருத்துவப் பணி அவருக்கும் முன்பே, 1838-இல் தொடங்கியது. ஆனால் இது அருங்காட்சியகம் அல்ல, நோயாளிகள் நிறைந்த மருத்துவமனை. கேமராவோடு கூட்டமாக நுழையக் கூடாது. சித்தப்பா முன்பே அனுமதி கேட்டு, இரண்டு பிரிவாகத்தான் அழைத்துப்போனார். வார்டுகளின் பக்கமே விடவில்லை.

திரும்பும் வழியில் நான் சொன்னேன்: பழைய ஆலயம் ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு பலகையும் சாவி வைத்திருப்பவரின் போன் எண்ணும் இருந்தால் போதும், வெளியூர்க்காரர்கள் அலைய வேண்டாம்.

சித்தப்பா ஏற்கவில்லை. "எண்ணைப் போட்டால் அவன் உளியைக் கீழே வைத்துவிட்டு நாள் முழுவதும் வாசலில் நிற்க வேண்டும், மக்களே. அந்தக் கூலியை யார் கொடுப்பது?"

மொழிபெயர்த்துச் சொன்னேன். முன் இருக்கையில் இருந்த எங்கள் சபைப் பொருளாளர், மயிலாடியில் ஒரு நாள் கூலி எவ்வளவு என்று டிரைவரிடம் கேட்கச் சொன்னார்.