அரசன் இருக்கும் காசா, அரசன் இல்லாத காசா?

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துத் தங்கக் காசில் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது? போட்டி இரண்டுக்குள்தான். ஒன்று, 1792-இல் வந்த 24 லிவ்ர் (பிரான்சின் பழைய பண அலகு) ‘அரசியலமைப்பு’க் காசு. மற்றது, 1793-இல் குடியரசு அடித்த 24 லிவ்ர் ‘கன்வென்ஷன்’ காசு; அப்போது ஆண்ட மன்றத்தின் பெயர் அது. இரண்டும் 22 காரட், ஏறத்தாழ 7.6 கிராம், அதாவது ஒரு பவுனுக்குச் சற்றுக் குறைவு.

இரண்டிலும் ஒகுஸ்தேன் துய்ப்ரே செதுக்கிய அதே உருவம் இருக்கிறது: சிறகுள்ள இளைஞன் நின்றபடி பலகையில் ‘அரசியலமைப்பு’ என்று எழுதுகிறான். ஒரு பக்கம் சேவல், மறுபக்கம் தடிக்கட்டின் மேல் சுதந்திரத் தொப்பி. சுற்றிலும் ‘சட்டத்தின் ஆட்சி’ என்ற வாசகம்.

முதல் காசைத் திருப்பினால் பதினாறாம் லூயியின் முகம். அந்த முகத்தைவிட அதைச் சுற்றியுள்ள எழுத்தைத்தான் நான் நெடுநேரம் பார்ப்பேன். புரட்சிக்கு முந்தைய ‘லூயி தோர்’ என்ற தங்கக் காசில் அவர் ‘இறையருளால் பிரான்சுக்கும் நவாருக்கும் அரசர்’, அதுவும் லத்தீனில். இங்கே பிரெஞ்சு மொழியில் ‘பிரெஞ்சு மக்களின் அரசர்’. இறையருளைக் காணோம், நாட்டின் பெயர் இருந்த இடத்தில் மக்கள் வந்துவிட்டார்கள். அரசரின் பட்டத்தையே மாற்றி எழுதிய புரட்சி, இந்தச் சிறு வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது.

கன்வென்ஷன் காசில் முகமே இல்லை. ஓக் இலை வளையத்துக்குள் மதிப்பு, அதைச் சுற்றி ‘பிரெஞ்சுக் குடியரசு’, கீழே ‘இரண்டாம் ஆண்டு’, அதாவது குடியரசின் ஆண்டுக் கணக்கு. 1793 ஜனவரி 21 அன்று லூயியின் தலை வெட்டப்பட்டுவிட்டது. ஆனாலும் அந்த இளைஞன் அதே சொல்லையே எழுதிக்கொண்டிருக்கிறான். அவன் முதலில் எழுதிய 1791-ஆம் ஆண்டின் முடியாட்சி அரசியலமைப்போ ஏற்கெனவே செத்துப்போயிருந்தது.

அரிது என்று பார்த்தால் கன்வென்ஷன்தான் முந்துகிறது. அசிஞா என்ற காகிதப் பணம் மதிப்பிழக்க இழக்க, மக்கள் தங்கத்தைப் பதுக்கினார்கள். நாணயச் சாலைக்குத் தங்கம் வரத்து வற்றியது. 1795-இல் 10 கிராம் தங்கக் காசுக்குச் சட்டம் இயற்றியும் ஒன்றுகூட அடிக்கப்படவில்லை. 1803-இல்தான் பிரான்சில் மறுபடி தங்கக் காசு பிறந்தது, அதுவும் நெப்போலியன் போனபார்ட்டின் முகத்தோடு.

நெப்போலியனின் மரெங்கோ போர் வெற்றிக்காக இத்தாலியின் டூரின் நகரில் அடித்த 20 பிராங்க் காசையும் சிலர் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். அழகான காசுதான். ஆனால் அது ஒரு போர் வெற்றியின் நினைவு. எனக்கு இந்தப் போட்டியில் அது சேராது.

என் தேர்வு அரசியலமைப்புக் காசு. அரிது என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க எனக்கு மனம் வராது. ஒரே தங்கத்தின் இரு முகங்களில் அரசரும் சட்டமும் ஒருவரையொருவர் பார்க்காமல் நிற்பது வேறெந்தக் காசில் கிடைக்கும்?

வாங்கும்போது உருப்பெருக்கியில் பாருங்கள். அரத்தால் தேய்த்தது போல இணையாக ஓடும் மெல்லிய கோடுகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். அச்சடிக்கும் முன் எடையைச் சரிசெய்ய நாணயச் சாலையிலேயே அராவியவை அவை. விளிம்பில் பற்றவைத்த தழும்பு தெரிந்தால் மட்டும் விலையைக் குறைத்துக் கேளுங்கள்: யாரோ ஒருவர் கழுத்தில் பதக்கமாகத் தொங்கிய காசு அது.